எந்த வாசல் வழியாகப் போனது அந்தக் கடிதம்?

"ஆபரேஷன் தேதி குறிச்சாச்சாம்மா?"

லிஃப்ட்டில் வைத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர். நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் மேசை அருகே வந்து நின்று, "நீ யார்கிட்டப்பா சொன்னே?" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அம்மா, நான், என் மனைவி மூவருக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் இருக்கும் சித்திக்குக்கூட எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். குழப்பத்தோடு மெயிலைத் திறந்தேன். சங்கத்தின் 'சென்ட்' ஃபோல்டரில், தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதற்கான கொட்டேஷனுக்கும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் நடுவே அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. அந்தப் பெட்டியை, செயலாளரான நான் உட்பட நிர்வாகக் குழுவைச் சேர்ந்த 7 பேர் போனில் வைத்திருக்கிறோம்.

என் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் இருக்கிறது. அதில் என் சொந்த ஐடி, அலுவலக ஐடி, சங்கத்தின் ஐடி என்று மூன்று கணக்குகள். அந்த ரிப்போர்ட் போன இரவு சங்கத்தின் இன்பாக்ஸில் கொட்டேஷன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஷூரன்ஸுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பவில்லையே என்று நினைவு வந்தது. அப்படியே புதுக் கடிதத்துக்கான பொத்தானை அழுத்தினேன். 'டு'வைப் பார்த்தேன், அட்டாச்மென்ட்டைச் சரிபார்த்தேன், அனுப்பினேன். 'ஃப்ரம்' என்ற வரியைப் பார்க்கவில்லை. நாம் எந்தக் கணக்கின் ஃபோல்டரில் நிற்கிறோமோ அந்தக் கணக்கின் பெயரில்தான் தண்டர்பேர்ட் புதுக் கடிதத்தைத் திறக்கும். நான் நின்றது சங்கத்தின் வீட்டில். கடிதம் சங்கத்தின் வாசல் வழியாகப் போனது, நகல் சங்கத்தின் அலமாரியில் சேர்ந்தது, இன்ஷூரன்ஸ்காரர்களின் பதிலும் சங்கத்துக்கே வந்தது.

தவறு என்னுடையது. ஆனால் அதற்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு செட்டிங்காகப் பார்த்தபோது, எத்தனை இடங்களில் கதவு திறந்து கிடந்தது என்பது தெரிந்தது. கணக்குகளைத் தனித்தனியாக வைப்பது என்றால், வருகிற கடிதங்களைத் தனித்தனிப் பெட்டியில் போடுவது என்றே இத்தனை வருடங்கள் நினைத்திருந்தேன். வருகிற கடிதம் கலந்தால் கண் வலிக்கும், அவ்வளவுதான். போகிற கடிதம் கலந்தால் ஒருவருடைய மானம் போகும்.

ஒரே மேசை, பல பெயர்கள்

ஒருவருக்கு ஒரு ஐடி என்ற காலம் எப்போதோ போய்விட்டது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வந்த பிறகு, ஐடி தொடங்குவது இலவசம் என்பதோடு சுலபமும் ஆனது. வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஆன்லைன் கடைகளுக்கு ஒன்று, கோயில் திருப்பணிக் குழுவுக்கு ஒன்று. நம் ஊரில் இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மளிகைக் கடைக்காரர், லேத் பட்டறை வைத்திருப்பவர், கல்யாண மண்டபம் நடத்துபவர் என எல்லோருக்கும் ஜிஎஸ்டி பதிவுக்கும் வருமான வரிக்கும் மெயில் ஐடி வேண்டும். பலருக்கு அந்த ஐடியைத் தொடங்கிக் கொடுத்ததே ஆடிட்டரின் உதவியாளராக இருப்பார். நோட்டீஸும் ஓடிபியும் அங்கேதான் வரும். இருபது, முப்பது வியாபாரிகளின் வரவு செலவு ஒரே திரையில் வரிசையாக நிற்கும். ஒருவருடைய கணக்கில் நின்றபடி இன்னொருவருடைய பேலன்ஸ் ஷீட்டை அனுப்பிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

பிரவுசரிலேயே ஒவ்வொன்றையும் தனித்தனி டேபில் திறக்கலாமே என்பார்கள். மூன்று ஐடி வரை அது சரி. அதற்கு மேல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட வேண்டும், நெட் இல்லாதபோதும் பழைய கடிதத்தைப் பார்க்க வேண்டும், கடிதங்களின் ஒரு நகல் நம் ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு டெஸ்க்டாப் மென்பொருள்தான் வழி. நான் இன்றும் அதைத்தான் நம்புகிறேன். அம்மா விஷயத்துக்குப் பிறகும்.

தபால் நிலையத்தில் குடியிருந்தவள்

ஒரே மேசையில் பல கணக்குகள் என்ற இந்தச் சிக்கலை முதலில் அக்கறையோடு யோசித்த மென்பொருள்களில் ஒன்று யூடோரா. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988-ல் எழுதியது. யூடோரா வெல்டி என்ற எழுத்தாளரின் பெயரை அதற்கு வைத்தார். குடும்பத்தோடு மனம் கசந்து, வீட்டை விட்டுக் கிளம்பித் தபால் நிலையத்திலேயே போய்க் குடியேறிவிடும் ஒரு பெண்ணின் கதையை வெல்டி எழுதியிருந்தார். நாளெல்லாம் மெயிலோடு கிடந்த டார்னருக்கு அந்தக் கதை தன் கதையாகத் தெரிந்திருக்கிறது. யூடோராவில் ஒவ்வொரு மெயில் கணக்குக்கும் 'பெர்சனாலிட்டி' என்று பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆளுமை, அவற்றில் ஒன்று முதன்மையானது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். மகனாக எழுதும்போதும் செயலாளராக எழுதும்போதும் நான் ஒரே ஆள் இல்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. 1999-ல் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 5-ல் 'ஐடென்டிட்டி' என்ற வசதி இருந்தது. வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர் இருந்த காலம். அப்பா எழுந்ததும் மகள் உட்கார்ந்து தன் ஐடென்டிட்டிக்கு மாறினால், அவளுடைய கடிதங்களும் முகவரிப் புத்தகமும் மட்டும் தெரியும். விஸ்டாவோடு வந்த விண்டோஸ் மெயிலில் அதை எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு விண்டோஸ் லாகின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று யோசித்தால், அதுதான் உண்மையான சுவர்.

தண்டர்பேர்ட்டின் முதல் முழுப் பதிப்பு வந்தது 2004 டிசம்பரில். அதில் இந்த இரண்டு எண்ணங்களுமே இருக்கின்றன. ஒரே கணக்குக்குள் பல பெயர்களில் எழுத 'ஐடென்டிட்டி'. தனித்தனிப் பெட்டிகளுக்குக் 'கணக்கு'. எல்லாவற்றையும் அடியோடு பிரிக்க 'புரொஃபைல்'. சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரே பெட்டிக்கு இரண்டு பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, இரண்டு பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கடிதம் எங்கே இருக்கிறது?

செட்டிங்குக்குள் போகும் முன் ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும். மெயிலை எடுத்து வர இரண்டு முறைகள் உண்டு. பழையது பாப். சர்வரில் இருக்கும் கடிதத்தை நம் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகச் செய்யப்பட்டது. மற்றது ஐமேப். 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்தது. இதில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டர், போன், டேப்லெட் எல்லாம் அதைப் பார்க்கும் ஜன்னல்கள் மட்டுமே. ஒரு ஜன்னலில் செய்தது எல்லா ஜன்னலிலும் தெரியும். எங்கள் சங்கத்தின் கணக்கு ஐமேப். என் மேசையிலிருந்து போன கடிதத்தின் நகல் மற்ற 6 போன்களில் தெரிந்தது அதனால்தான். பாப் கணக்காக இருந்திருந்தால் அந்த நகல் என் டிஸ்க்கோடு நின்றிருக்கும். பதில் கடிதம் எப்படியும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும், அது வேறு.

ஐமேப் கணக்குகளைப் பொறுத்தவரை பார்வையைக் கலப்பதும் பொருளைக் கலப்பதும் வேறு வேறு. தண்டர்பேர்ட்டில் 'யூனிஃபைட் ஃபோல்டர்ஸ்' என்று ஒரு காட்சி முறை உண்டு. எல்லா இன்பாக்ஸும் ஒன்றாகத் தெரியும், ஆனால் எந்தக் கடிதமும் இடம் மாறுவதில்லை. காட்சியை மாற்றினால் பழையபடி பிரிந்துவிடும். பாப் கணக்குகளுக்கு உள்ள 'குளோபல் இன்பாக்ஸ்' அப்படி இல்லை. அது நிஜமாகவே எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில் கொட்டிவிடும். பருப்பையும் அரிசியையும் ஒரே டப்பாவில் கொட்டியது மாதிரிதான், பிறகு பிரிக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். வசதி என்று நினைத்து அதை முதல் நாளே தேர்ந்தெடுக்காதீர்கள்.

இன்னொன்று இழுத்துப் போடும் பழக்கம். அலுவலகக் கணக்கில் வந்த கடிதத்தை மௌஸால் பிடித்துச் சொந்தக் கணக்கின் ஃபோல்டரில் போட்டால், திரையில் அது ஒரு வரி நகர்வதாகத்தான் தெரியும். நடப்பதோ, அலுவலகக் கடிதம் உங்கள் சொந்த மெயில் நிறுவனத்தின் சர்வருக்கு ஏற்றப்படுவது. மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை, அரசு அலுவலகக் கடிதங்களுக்கு அரசின் மெயில் சேவையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. அந்தக் கவலையின் காரணம் இந்த மௌஸ் இழுப்பில் இருக்கிறது.

போகிற வழியில் நான்கு ஓட்டைகள்

முதலாவது நான் விழுந்த இடம், 'ஃப்ரம்' வரி. பதில் எழுதும்போது ஆபத்து குறைவு. கடிதம் எந்த முகவரிக்கு வந்ததோ அந்த முகவரியிலிருந்தே தண்டர்பேர்ட் பதிலைத் திறக்கும். புதுக் கடிதம் எழுதும்போதுதான் கவனம் வேண்டும். அவுட்லுக்கில் 'புதுக் கடிதங்களை எப்போதும் முதன்மைக் கணக்கிலிருந்தே எழுது' என்று ஒரு தேர்வு உண்டு. சொந்தக் கணக்கை முதன்மையாக வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல காவல். தண்டர்பேர்ட்டில் 2024-ல் வந்த 128-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். எழுதும் ஜன்னலிலும் அந்த நிறம் தெரியும். சங்கத்துக்கு நான் சிவப்பு வைத்திருக்கிறேன். கணக்கின் பெயரையும் மாற்றினேன். முன்பு வெறும் முகவரி இருந்த இடத்தில் இப்போது 'சங்கம், 7 பேர் படிப்பார்கள்' என்று இருக்கிறது. கையெழுத்தும் கணக்குக்குக் கணக்கு வேறு. கடிதத்தின் அடியில் 'செயலாளர்' என்று வந்தால் கை தானாக நின்றுவிடும். அன்று நான் கையெழுத்தே வைத்திருக்கவில்லை.

இரண்டாவதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கடிதம் எடுத்து வரும் சர்வர் வேறு, எடுத்துப் போகும் சர்வர் வேறு. எடுத்துப் போவதற்கு எஸ்எம்டிபி என்று பெயர். பல கணக்குகள் சேர்த்தவர்களின் மென்பொருளில், புதிய கணக்கு பழைய கணக்கின் எஸ்எம்டிபி சர்வரையே பயன்படுத்திக்கொண்டிருக்கும். அலுவலகக் கடிதம் ஜிமெயில் சர்வர் வழியாகப் போகிறது என்று வையுங்கள். அந்த அலுவலக முகவரி உங்களுடையதுதான் என்று ஜிமெயிலில் முன்பே உறுதிசெய்திராவிட்டால், ஜிமெயில் 'ஃப்ரம்' வரியில் உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டுவிடும். நீங்கள் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பெறுபவர் பார்ப்பது உங்கள் சொந்த முகவரியை. கூடவே, தன் சர்வர் வழியாகப் போன கடிதத்தின் நகலை ஜிமெயில் தன்னிடம் வைத்துக்கொள்ளும். வேறு நிறுவனத்தின் சர்வராக இருந்து பெயரை மாற்றாமல் விட்டாலும் பிரச்சினைதான். இந்த டொமைனுக்காகக் கடிதம் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டா என்று பெறும் இடத்தில் சரிபார்க்கிறார்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்பவை அதற்கான முறைகள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதில் இன்னும் கண்டிப்பாகிவிட்டன. பொருந்தாத கடிதம் ஸ்பாமில் விழும், அல்லது திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் அதன் சொந்த எஸ்எம்டிபி. அக்கவுன்ட் செட்டிங்ஸில் கணக்கின் பெயரைத் தொட்டால் அந்தப் பக்கத்தின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்று இருக்கும். இன்றே பாருங்கள்.

மூன்றாவது, நகல் சேரும் இடம். 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதியில், அனுப்பிய கடிதத்தின் நகலையும் பாதியில் நிற்கும் டிராஃப்ட்டையும் எந்தக் கணக்கில் வைப்பது என்று கணக்குக்குக் கணக்கு சொல்லலாம். டிராஃப்ட்டை மறக்காதீர்கள். அனுப்பாத கடிதமும் சர்வரில் சேர்ந்துவிட்டால் பகிர்ந்த கணக்கில் எல்லோரும் படிக்கலாம். கோபத்தில் எழுதி மறுநாள் அழித்த கடிதத்தை அதற்குள் யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

நான்காவதற்குத் தண்டர்பேர்ட்டில் கணக்களவில் தீர்வு இல்லை. அது முகவரிப் புத்தகம். கணக்குகளைப் பிரித்தாலும் அதைப் பிரிப்பதில்லை; ஒரே புரொஃபைலில் இருக்கும் எல்லாக் கணக்குகளுக்கும் அது பொது. ஒருமுறை எழுதியவர்களின் முகவரிகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டு எழுத்து தட்டியதும் பெயர் வந்து நிற்கும். ஒரே பெயரில் வாடிக்கையாளர் ஒருவரும் மைத்துனர் ஒருவரும் இருந்தால் என்ன ஆகும்?

பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிரேவர்மன் 2022 அக்டோபர் 19 அன்று பதவி விலகினார். அரசு ஆவணம் ஒன்றைத் தன் சொந்த மெயிலிலிருந்து சக எம்.பி. ஒருவருக்கு அனுப்பியது காரணம். அதன் நகல் தவறுதலாக வேறொரு எம்.பி.யின் அலுவலக ஊழியருக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் விஷயமே வெளியில் வந்தது. ஆறு நாளில் புதிய பிரதமர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பிறகு நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பதவியில் இருந்தபோது அரசு ஆவணங்களைத் தன் சொந்த மெயிலுக்கு 6 முறை அனுப்பிக்கொண்டதை அவரே ஒப்புக்கொண்டார். தவறான கணக்கும் தவறான முகவரியும் ஒரே கடிதத்தில் சேர்ந்த கதை இது.

ஹிலாரி கிளின்டன் கதை பெரியது. 2009 முதல் 2013 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அலுவலுக்கும் சொந்த விஷயத்துக்கும் ஒரே கணக்கு, அதுவும் தனியார் சர்வரில். 2015 மார்ச்சில் நிருபர்களிடம், இரண்டு போனுக்குப் பதில் ஒன்றை வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது என்றார். கலந்து கிடந்த 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைப் பின்னால் வழக்கறிஞர்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். சுமார் 30 ஆயிரம் வெளியுறவுத் துறைக்குப் போயின, மற்றவை சொந்த விஷயம் என்று நீக்கப்பட்டன. பிரித்தது சரியா என்ற சந்தேகம் 2016 தேர்தல் முழுக்க அவரை விடவில்லை. அன்றன்று பிரித்து வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. அவருடைய அரசியலைப் பற்றி என்ன நினைத்தாலும், மகளின் கல்யாண ஏற்பாட்டுக் கடிதங்களையும் அம்மாவின் இறுதிச் சடங்குக் கடிதங்களையும் பற்றி நிருபர்கள் முன் நின்று விளக்க நேர்ந்தது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

சுவர் எவ்வளவு உயரம்?

முகவரிப் புத்தகமும் பிரிய வேண்டுமென்றால் புரொஃபைல்தான். தண்டர்பேர்ட்டை '-பி' என்ற சேர்க்கையோடு திறந்தால் எந்தப் புரொஃபைல் வேண்டும் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், தனிப் புத்தகம், தனி ஃபில்டர்கள், தனி பாஸ்வேர்டுகள். டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகான் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தும் வைக்கலாம். சங்கத்தை நான் அப்படித் தனிப் புரொஃபைலுக்கு மாற்றிவிட்டேன். பதவி முடிந்து அடுத்த செயலாளர் வரும்போது, அந்த ஒரு புரொஃபைலை அழித்தால் போதும். என் கடிதங்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இருபது வாடிக்கையாளர் வைத்திருக்கும் ஆடிட்டருக்கு இருபது புரொஃபைல் என்பது நடக்காத காரியம். அவர்களுக்கு நிறமும் கையெழுத்தும் சரியான எஸ்எம்டிபியும், தானாக முகவரி சேர்வதை நிறுத்துவதும் போதும் என்று நினைக்கிறேன்.

பாஸ்வேர்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டர்பேர்ட்டில் சேமித்த பாஸ்வேர்டுகளை, மேசையில் உட்காரும் யாரும் செட்டிங்ஸில் திறந்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட வாய்ப்பு உண்டு. 'பிரைமரி பாஸ்வேர்டு' வைத்தால் அது நிற்கும். ஆனால் அது பூட்டுவது பாஸ்வேர்டுகளை மட்டும்தான். ஏற்கெனவே இறங்கி டிஸ்க்கில் இருக்கும் கடிதங்களை அது காக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸில் இப்போது வரும் புதிய அவுட்லுக், வேறு நிறுவனத்தின் கணக்கைச் சேர்க்கும்போது அந்தக் கடிதங்களை மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு ஒத்திசைக்க அனுமதி கேட்கிறது. பார்க்க டெஸ்க்டாப் மென்பொருள் போலத்தான் இருக்கும், ஆனால் நகல் இன்னொரு வீட்டுக்கும் போகிறது. 'சரி' என்று அழுத்துவதற்கு முன் அந்த வரிகளைப் படியுங்கள், குறிப்பாக அந்தக் கடிதங்கள் உங்கள் வாடிக்கையாளருடையவை என்றால்.

அனுப்பும் பொத்தானை நான் இப்போது அநேகமாகத் தொடுவதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடிதம் அவுட்பாக்ஸில் போய் நிற்கும். ஒரு புரொஃபைலில் எத்தனை கணக்கு இருந்தாலும் அவுட்பாக்ஸ் ஒன்றுதான். மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை அதைத் திறந்து, எந்தப் பெயரில் யாருக்கு என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். இதைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு கடிதத்தைப் பிடித்தேன்.

அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் குடியிருப்பில் பாதிப் பேர் விசாரித்துவிட்டார்கள். ஒருவர் பூங்கொத்துகூட அனுப்பினார். அம்மா யாரிடமும் கோபப்படவில்லை. ஆனால் இரண்டு மாதம் லிஃப்ட்டில் ஏறவில்லை. தையல் ஆறாத உடம்போடு மூன்று மாடியும் படியேறினார்.

இப்போது அவருக்கென்று ஒரு மெயில் ஐடி இருக்கிறது. மருத்துவமனை, இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாம் அதில்தான். என் தண்டர்பேர்ட்டில் அது இல்லை. அதே கம்ப்யூட்டரில் அம்மாவின் பெயரில் தனி விண்டோஸ் லாகின் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பின் நம்பரை அவரே வைத்துக்கொண்டார். மாதத்துக்கு இரண்டு முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்காருவார். ஒற்றை விரலால் அந்த எண்களைத் தட்டும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.